பெட்ரோலும் ஷெர்வானியும்

சலவைக்காரர் என் கோட்டை மறுபடியும் அப்படியே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார்.

"ஐயா, இது கம்பளித் துணி. வெள்ளாவியில வெச்சா சுருங்கிப் போய்டும். சோப்புல அலசினேன், சீக்காயில அலசினேன், மீன் எண்ணெ வாடை போவல. என்னால ஆவாது. கோச்சிக்காதீங்க."

கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். எனக்கு அதில் ஒரு வாடையும் தெரியவில்லை. அதுதான் என் சிக்கல். தோல் ஷாப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே என் மூக்கு அந்த வாடைக்குப் பழகிப்போயிற்று. மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் என்மேல் வாடை அடிக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் என்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆம்பூரில் அப்படி ஓர் இடத்தில் கெமிஸ்டாக இருந்தேன். சென்னையில் ரசாயனம் படித்து பி.ஏ. முடித்தவன். படித்தவர்களுக்கு வேலை கிடைக்காத காலம் அது. கப்பலேறிப் போகும் தோலெல்லாம் ஒரே நிறமாக வர வேண்டும் என்று முதலாளி ஒரு படித்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆவாரம்பட்டைச் சாற்றின் கெட்டியையும் சுண்ணாம்புக் குழியின் காரத்தையும் அளந்து சொல்வது என் வேலை. பதமான தோலுக்குப் பூசும் மீன் எண்ணெய் அங்கே எல்லோர் துணியிலும் ஏறிவிடும். முதலாளி என்னை மரியாதையாக நடத்தினார். நான் போனால் நாற்காலி போடச் சொல்வார். ஆனால் வேலூரில் என் அண்ணன் வீட்டில், நான் போனால் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட ஆரம்பித்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. இலை மட்டும் தள்ளி விழும்.

என் மனைவிக்கு ஊர் விரிஞ்சிபுரம். கல்யாணமான புதிதில் ஆம்பூருக்கு வந்து என்னோடு கொஞ்ச காலம் இருந்தாள். பிறகு பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் அவர்களை அனுப்பவில்லை. மாமனார் சண்டை போடுகிற மனிதர் அல்ல. அமைதியாகத்தான் சொன்னார்.

"வேற வேல பாத்துக்கிட்டு வாங்க மாப்ள, மறுநாளே கொண்டாந்து விட்டுர்றேன். அந்த வாடையில பச்சக் கொழந்தய எப்பிடி வளக்கிறது, சொல்லுங்க."

வேறு வேலை எங்கும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் ஷாப்புக்கு விடுமுறை. அன்று காலை பஸ் பிடித்து விரிஞ்சிபுரம் போவேன். போனதும் மாமியார் கிணற்றடியில் வெந்நீரும் துவைத்த வேட்டியும் எடுத்து வைத்திருப்பார். "குளிச்சிட்டு வந்துடுங்க மாப்ள," என்பார். கோட்டை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பின்பக்கம் முருங்கைக் கிளையில் மாட்டிவிடுவேன். குளித்துவிட்டு வந்தாலும் குழந்தை என்னிடம் வராது. தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியைப் பார்த்துக் கை நீட்டும். வாரத்துக்கு ஒரு நாள் வருகிற ஆளிடம் எந்தக் குழந்தையும் அப்படித்தான் இருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வாடைதான் என்று தோன்றியது.

அந்தக் கோட்டு மாமனார் கல்யாணத்துக்குத் தைத்துக் கொடுத்தது. வேறு கோட்டு என்னிடம் இல்லை. கோட்டில்லாமல் மாமனார் வீட்டுக்குப் போகவும் மனம் வரவில்லை. கொழுப்பும் எண்ணெயும் தண்ணீரில் போகாது, பெட்ரோலில் கரைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். விரிஞ்சிபுரம் போகும் பஸ்ஸின் டிரைவர் எனக்குப் பழக்கம். அவரிடம் சொல்லி ஒரு டின் பெட்ரோல் வாங்கிவந்தேன். பின்கட்டில் வாளியில் ஊற்றி, கோட்டை முக்கி அலசினேன். பெட்ரோல் டீ டிகாஷன் போல் ஆகிவிட்டது. கோட்டைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அந்த அழுக்கு பெட்ரோலை மண்ணில் கொட்டினேன். ஒரு முறை அலசினால் போதாது என்று மறுநாள் தெரிந்தது. ஷாப்பில் என் பக்கத்தில் உட்காரும் கணக்கர் முகர்ந்து பார்த்து, "கம்மியாயிருக்குது, ஆனா இருக்குது," என்றார். ஒவ்வொரு வாரமும் ஒரு டின் வாங்கிக் கொட்ட எனக்கு வசதியில்லை.

அப்போதுதான் தகரப் பெட்டியின் அடியில் கிடந்த கண்டன்சரை எடுத்தேன். கல்லூரியில் விளிம்பு உடைந்துபோனது என்று ஒதுக்கி வைத்திருந்ததை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிவந்திருந்தேன். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொரு கண்ணாடிக் குழாய். உள்குழாய் வழியாக ஆவி போகும். வெளிக்குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகிச் சொட்டும். அவ்வளவுதான் அந்தக் கருவி.

கல்லூரியில் குழாய்த் தண்ணீர் உண்டு. என் வீட்டில் கிணறுதான். மருந்துக் கடையில் எனிமா டப்பா ஒன்று வாங்கி ஆணியில் மாட்டினேன். அதன் ரப்பர் குழாயைக் கண்டன்சரின் கீழ்வாயில் செருகினேன். மேல்வாயிலிருந்து வெளியேறும் தண்ணீர் வாளியில் விழும். டப்பா காலியாகும் முன் நிரப்ப வேண்டும். தக்கையில் துளைபோட்டு, இடுக்குகளில் மைதாப் பசை பூசி அடைத்தேன். பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது. அதனால் சமையலறையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை முழுக்க அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பானையை மட்டும் பின்னறைக்குக் கொண்டுவந்து அதில் குடுவையை இறக்குவேன். குடுவைக்குள் அழுக்கு பெட்ரோல் மெல்லக் கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் மறுமுனையில் ஒரு சொட்டு தொங்கும். தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். அழுக்கும் எண்ணெயும் குடுவையின் அடியில் தங்கிவிடும். சொட்டிய பெட்ரோலில் மறுபடி அலசலாம், ஒரு டின்னே பல நாள் வரும்.

முதல் நாள் அந்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துபோனேன். வெளிச்சம் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும், விளக்கேற்றக் கூடாது. ஷாப்பிலிருந்து வந்ததும் ஆரம்பித்தால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், கோட்டு வெளுத்துப்போகிற அளவுக்கு அலசியான பிறகும் நான் இதை நிறுத்தவில்லை. ஷாப் சட்டை, வேட்டி, துண்டு என்று ஏதாவது ஒன்றை முக்கி எடுப்பேன். நாலு மணிக்கு வீடு வந்தால், தூங்கும்வரை பேச ஓர் ஆள் இல்லை. அந்தச் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போயிற்று.

நான் இருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்காரம்மா இருந்தார். கணவரை இழந்த முஸ்லிம் பெண்மணி. நடுவில் ஒரு கதவு, எப்போதும் பூட்டியிருக்கும். கிணறு மட்டும் பொது, ஒரு தென்னங்கீற்றுத் தட்டி அதன் பாதிவரை மறைத்திருக்கும். அவர் கிணற்றடிக்கு வரும்போது ஒரு முறை இருமுவார். அவர் போகும்வரை நான் வெளியே வரமாட்டேன். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. வாடகையை அவர் தம்பி வாணியம்பாடியிலிருந்து வந்து வாங்கிப் போவார். அந்த அம்மாவை நான் அறிந்ததெல்லாம் இருமலும், ராட்டினச் சத்தமும், காலையில் வந்து போகும் வேலைக்காரியிடம் பேசும் உருதுவும்தான்.

அது நோன்பு மாதம். ஒரு நாள் சாயங்காலம் குடுவை நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. டப்பாவில் தண்ணீர் குறைந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகக் கதவைத் திறந்தேன். இருமல் கேட்டது. உள்ளே நின்றுகொண்டேன். அன்று அவர் நிறையத் தண்ணீர் இறைத்தார். ராட்டினம் நின்று கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் இறைத்துக்கொண்டு வந்தேன். அதற்குள் டப்பா காலியாகிக் கண்டன்சர் சூடாகியிருந்தது. குளிராத ஆவி குழாயின் முனையிலிருந்து அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. அறை முழுக்க பெட்ரோல். குடுவையை வெந்நீரிலிருந்து தூக்கி வெளியே வைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊரும். பூட்டிய கதவின் அடியில் நல்ல இடைவெளி. அந்தப் பக்கம் அவருடைய சமையலறை.

கதவுக்கு அப்பால் சுள்ளி ஒடிக்கும் சத்தம் கேட்டது.

நான் கதவைத் தட்டினேன். "அம்மா, அடுப்பு பத்த வைக்காதீங்க."

சத்தம் நின்றது.

"அம்மா, நான்தான், பின்னாடி ஊட்டுல இருக்கிறவன். பெட்ரோல் ஆவி அந்தப் பக்கம் வந்திருக்கும். தீக்குச்சி கிழிச்சீங்கன்னா பத்திக்கும். பத்த வெச்சிட்டீங்களா?"

"இன்னும் வைக்கல," என்று மெதுவாகப் பதில் வந்தது. "இன்னா வாடைன்னு நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். தல சுத்துது."

"கதவு, ஜன்னல் எல்லாம் தெறந்துட்டு முத்தத்துல போய் ஒக்காருங்க. வெளக்கும் வேணாம். வாடை முழுக்கப் போனதும் சொல்றேன்."

"சரி தம்பி."

சிறிது நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. நோன்பு திறக்கும் நேரம். அவர் கஞ்சி வைக்கத்தான் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காதவர். நான் கிணற்றடியில் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

"அம்மா, சாப்பிட ஏதாவது இருக்குதா? கடையில வாங்கியாரட்டுமா?"

"பேரீச்சம்பழம் இருக்குது. தண்ணி இருக்குது. போதும்."

"என்னாலதான் இப்பிடி ஆச்சு."

"பரவால்ல. ஒக்காருங்க. நின்னுக்கினு இருக்கிறது தட்டியில தெரியுது."

உட்கார்ந்தேன். தெருவில் ஒவ்வொரு வீடாக விளக்கு ஏறியது. எங்கள் வீட்டின் இரண்டு பாதியும் இருட்டாக இருந்தன. அவர் அந்தப் பக்கம் பழத்தைக் கடிப்பதும் செம்பைக் கீழே வைப்பதும் கேட்டது. வாடகைக்கு வந்த நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு பேசியதில்லை. ஆவி கலைகிறதா என்று பார்க்க நான் அவ்வப்போது உள்ளே போய் முகர்ந்துவிட்டு வருவேன். என் மூக்கை நானே நம்பவில்லை. அதனால் அவரிடம், "இப்போ உங்களுக்கு வாடை அடிக்குதா?" என்று கேட்பேன். "இருக்குது, கம்மிதான்," என்பார்.

"தெனமும் சாயங்காலம் இன்னா பண்றீங்க உள்ள? தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது," என்று கேட்டார்.

நான் விளக்கினேன். கோட்டு, மீன் எண்ணெய், பெட்ரோல், ஆவி, குளிர்ந்த தண்ணீர். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"துணியில இருக்கிற வாடைய எடுக்கிறதுக்கா இவ்ளோ பாடு?"

"ஆமாங்க."

வாடை போய்விட்டது என்று அவரே பிறகு சொன்னார். அவர் அடுப்புப் பற்றவைத்த சத்தம் கேட்கும்வரை நான் கிணற்றடியிலேயே இருந்தேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாளில், நான் ஷாப்பிலிருந்து வந்ததும் பூட்டிய கதவை யாரோ தட்டினார்கள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கம்மா."

"துணியில இருக்கிற வாசனைய வெளிய எடுத்து, சீசாவுல புடிச்சி வைக்க முடியுமா? போக்குறதுக்கு இல்ல. வெச்சிக்கிறதுக்கு."

அவர் கணவர் தோல் வியாபாரி. பச்சைத் தோல் வாங்க பெங்களூர் போன இடத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார். தகவல் வந்து தம்பி போய்ச் சேர்வதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். திரும்பி வந்தது ஒரு தகரப் பெட்டி மட்டும். அதற்குள் அவருடைய ஷெர்வானி, முழங்கால்வரை தொங்கும் நீளக் கோட்டு, இருந்தது. அவர் தினமும் கழுத்தோரம் ஹினா அத்தர் தடவுவாராம். சுருட்டும் பிடிப்பாராம். இந்த விவரமெல்லாம் கதவின் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த அம்மா அழவில்லை. கடைக்காரரிடம் சாமான் சொல்வதுபோலச் சொன்னார்.

"மூஞ்ச நான் பாக்கல. கடைசியா பாத்தது, வண்டியில ஏறும்போது முதுவுதான். அந்த ஷெர்வானியதான் எடுத்து மோந்து பாத்துக்கினு இருந்தேன். இப்போ வருசம் ஆவ ஆவ வாசன கொறஞ்சிக்கினே வருது. போன மாசம் எடுத்துப் பாத்தா ஒண்ணும் தெரியல. மொத்தமா போறதுக்குள்ள ஏதாவது பண்ண முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பூவிலிருந்து தைலம் இறக்குவது போல, துணியைத் தண்ணீரோடு கொதிக்க வைத்தால் அதில் ஒட்டியிருக்கும் அத்தர் ஆவியோடு எழும், கண்டன்சரில் குளிர்ந்து விழும் என்பது எனக்குத் தெரியும். அதில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

"அம்மா, கொதிக்க வெச்சா துணி பாழாய்டும். இருக்கிற கொஞ்சமும் அதோட போய்டும். சீசாவுல வர்றது எப்பிடி இருக்கும்னு எனக்கே தெரியாது."

"கொஞ்சம் மட்டும் எடுத்துப் பாருங்க. கழுத்துப் பட்டையில உள்பக்கம் ஒரு துணி இருக்குது. அதுலதான் ஜாஸ்தி பட்டிருக்கும்."

கிணற்றுச் சுவர்மேல் ஒரு பொட்டலம் வைத்துவிட்டு இருமிவிட்டு உள்ளே போனார். நான் போய் எடுத்தேன். ஷெர்வானியை முழுதாகவே வைத்திருந்தார். கழுத்துப் பட்டையின் உள்துணியைப் பிரிக்க வேண்டிய இடத்தில் ஊசி குத்தி அடையாளம் வைத்திருந்தார். தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்தச் சின்னத் துணியை எடுத்தேன். வியர்வையில் மஞ்சளாகியிருந்தது.

இதற்கு நெருப்பு ஆகும், பெட்ரோல் இல்லையே. டின்னை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் வைத்தேன். குடுவையையும் கண்டன்சரையும் சோடாக்காரம் போட்டுக் கழுவினேன். கழுவிக் கழுவி முகர்ந்தேன். கண்டன்சரில் பெட்ரோல் வாடை இருந்தால் எனக்குத் தெரியாது என்பதால், கணக்கரை வீட்டுக்கு அழைத்துவந்து முகரச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல," என்று சொல்லிப் போனார். பிறகுதான் ஆரம்பித்தேன். டப்பாவுக்குப் பக்கத்தில் குடம் குடமாகத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தது. மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

முதல் சொட்டுகள் விழுந்தன. அத்தர் போன்ற தைலம் மேலே மிதக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் மிதக்கவில்லை. தண்ணீர் மட்டும் லேசாகக் கலங்கியிருந்தது. ஒரு சின்ன மருந்துச் சீசா நிறைந்ததும் நிறுத்தினேன். முகர்ந்து பார்த்தேன். காய்ந்த வேப்பிலை, தகரத் துரு, அவற்றுக்கு அடியில் ஏதோ பூப்போல ஒன்று இருப்பதுபோலத் தோன்றியது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேனா, சொல்லத் தெரியவில்லை.

சீசாவைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவர் வந்து எடுத்துப் போனார். நான் கதவருகே நின்றேன். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடி மூடும் சத்தம் கேட்டது.

"தம்பி."

"சொல்லுங்கம்மா."

"இது அவரு வாசன இல்ல. பொட்டி வாசன."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"இருக்குதுன்னு சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்க. இல்ல தம்பி."

மீதித் துணியில் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"ஷெர்வானிய குடுத்துடுங்க. அது போறவரைக்கும் அதுலயே இருக்கட்டும்."

மடித்து வைத்துவிட்டு வந்தேன். கொதிக்கவைத்த அந்தச் சின்னத் துணியையும் காயவைத்து மேலே வைத்தேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு விரிஞ்சிபுரம் போனேன். மாமியார் வழக்கம்போல வெந்நீர் வைத்திருந்தார். நான் கோட்டைக் கழற்றி மாமனாரிடம் நீட்டினேன். "மோந்து பாருங்க," என்றேன். அவர் சங்கடத்தோடு வாங்கி முகர்ந்தார்.

"தோல் வாடை இல்ல மாப்ள," என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பஸ் வாடை அடிக்குது," என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடிக்குக் கை கழுவப் போனேன். என் மனைவி குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பெட்ரோல், கண்டன்சர், கணக்கர் முகர்ந்து பார்த்தது. அவள் துணியைப் பிழிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவுக்குத்தாங்க வாடை," என்றாள். "எனக்கு அது பழகிப்போச்சி. நான் வராததுக்கு அது காரணம் இல்ல."

"பின்ன?"

"நீங்க காலையில போனா பொழுது சாஞ்சி வருவீங்க. வந்து சாப்ட்டுட்டு புஸ்தகம் எடுத்துக்குவீங்க. நான் காலையிலேர்ந்து யார் கிட்டயும் பேசியிருக்க மாட்டேன். தெருவுல எல்லாரும் உருதுல பேசுறாங்க. கிணத்துல அந்தம்மா இருமினா நானும் உங்கள மாதிரியே உள்ள நின்னுக்குவேன். நான் பொம்பள, எனக்கு எதுக்கு அந்த மறைவு? ஆனா யாரும் வான்னு கூப்டல. ஒரு நாள் என் குரல் எப்பிடி இருக்கும்னு பாக்க நானே சத்தமா பேசிப் பாத்தேன். அப்பா அனுப்பமாட்டேன்னு சொன்னதும் சரின்னு இருந்துட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, அழுத குழந்தையை எடுக்க உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது பாலாற்று மணல் வழியெல்லாம் கூடவே வந்தது. பெட்ரோல் ஊற்றி அலசுகிற காரியம் இல்லை இது என்று மட்டும் புரிந்தது.

மறுநாள் நானே பூட்டிய கதவைத் தட்டினேன். மனைவி சொன்னதை வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்றால், சொல்ல வேறு யாரும் இல்லை.

"தெரியும்," என்றார் அவர். "அந்தப் பொண்ணு தனியா பேசிக்கிறது கேட்டிருக்கிறேன். ஒரு தடவ அழுதுது. கூப்டலாமான்னு கதவு வரைக்கும் வந்தேன். எங்க ஊட்டுல வந்து ஒக்காருவாங்களோ, மாட்டாங்களோ, வரலன்னா எனக்கும் கஷ்டம், அவங்களுக்கும் கஷ்டம்னு போய்ட்டேன்."

அந்தப் பக்கம் பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இந்தக் கதவுக்கு சாவி என் கிட்டதான் இருக்குது," என்றார். "வரச் சொல்லுங்க. நான் தொறக்கிறேன். நான் பேசுறேன்னு சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அதை அப்படியே போய்ச் சொன்னேன். மனைவி திரும்பத் திரும்பக் கேட்டாள். "அவங்களே சொன்னாங்களா? தொறக்கிறேன்னு சொன்னாங்களா?" அன்று சாயங்காலம் அவளே தன் அப்பாவிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று தெரியாது. நான் முன்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை குழந்தையோடு வருகிறேன் என்றாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, "பாத்துக்குங்க மாப்ள," என்றார்.

நான் வந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். குழந்தை தவழும் வீட்டில் பெட்ரோல் கூடாது என்று டின்னை டிரைவரிடமே கொடுத்துவிட்டேன். கண்டன்சரைப் பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன்.

அந்த வாரத்தின் நடுவில், நான் ஷாப்புக்குக் கிளம்பும் நேரத்தில் வாசலில் ஜட்கா வண்டி நின்றது. வாணியம்பாடியிலிருந்து வீட்டுக்காரம்மாவின் தம்பி வந்திருந்தார். அவர் மனைவிக்குப் பக்கவாதம் கண்டு படுத்த படுக்கையாம். சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அக்காவை அழைத்துப் போக வந்திருந்தார். முன்பாதியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவதாகச் சொன்னார்.

அந்த அம்மா வெளியே வந்தபோது புர்காவில் இருந்தார். அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட மிகவும் குள்ளமாக, மெலிந்து இருந்தார். தகரப் பெட்டியை அவர் வேறு யாரையும் தூக்கவிடவில்லை. வண்டியில் ஏறும்முன் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"தம்பி, அந்தப் பொண்ணு கிட்ட சொல்லுங்க. நான் பொய் சொல்லல."

"சொல்றேம்மா."

வண்டி போயிற்று.

வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் மனைவியும் குழந்தையும் இறங்கினார்கள். அவளுடைய தம்பி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தான். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வீடுவரை போய் அவள் பூட்டைப் பார்ப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று அங்கேயே சொன்னேன். ஜட்கா வந்தது, வீட்டுக்காரம்மாவின் தம்பி மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது, அவர் சொல்லச் சொன்ன வார்த்தை.

அவள் குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். வந்த பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வேலூர்ப் பக்கமே திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள். "வந்தாச்சி."

நடந்தோம். முன்பாதி பல மாதம் பூட்டியே கிடந்தது. கிணற்றடியில் இருமல் இல்லை. அவள் எந்த நேரத்திலும் தண்ணீர் இறைக்கலாம் என்று ஆயிற்று. அந்த மாதங்களில் நான் சாயங்காலம் புத்தகத்தை எடுக்காமல் அவளெதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஷாப்பில் நடந்ததைச் சொல்வேன், அவள் கேட்பாள். குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்வாள், நான் கேட்பேன். சீக்கிரம் தீர்ந்துவிடும். எங்கள் இருவருக்குமே பேசிப் பழக்கமில்லை.

மறு வருஷம் வீட்டுக்காரம்மாவின் தம்பி முன்பாதியை ஒரு பெரிய குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார். வாசல் கொள்ளாமல் பிள்ளைகள். அவர்கள் வந்த மறுநாளே என் மகள் அந்தக் கதவின் அடியில் கைவிட்டு விளையாட ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்கள். என் மனைவி தயங்கித் தயங்கி உள்ளே போனாள். பிறகு தினமும் போனாள். மகள் தமிழுக்கு முன்னால் உருதுவில் தண்ணீர் கேட்கக் கற்றுக்கொண்டாள்.

நான் ஷாப்பிலிருந்து வரும் நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருப்பார்கள். கை கால் கழுவிவிட்டுப் பின்னறையில் உட்காருவேன். கதவு வழியாக இரண்டு பாஷையில் பேச்சும் சிரிப்பும் வரும். என் மனைவியின் குரல் அவ்வளவு உரக்க இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. என்ன பேசுகிறார்கள் என்று பாதிதான் புரியும். அவள் வந்து சோறு போடும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.